கோணிக் கழிவு

தணிகாசலத்துக்கு எதைக் கண்டாலும் குமட்டும். டீக்கடை கிளாஸ் குமட்டும். பஸ் சீட்டில் படிந்திருக்கும் தலை எண்ணெய் குமட்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவார். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போனால்கூட, உடைத்த தேங்காய்த் தண்ணீர் காலில் பிசுபிசுக்கிறதென்று குதிகாலால் நடந்து போய்க் குதிகாலாலேயே திரும்பி வருவார். சாமி என்ன நினைத்துக்கொள்ளுமோ என்று அவர் மனைவி பாப்பம்மாள் அவருக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

“ஒலகத்துல உனுக்குக் கொமட்டாதது எதுனா ஒண்ணு கீதா?” என்று அவள் கேட்பாள்.

ஒன்று இருந்தது. புண்ணாக்கு. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டோரம் தணிகாசலத்தின் புண்ணாக்குக் கடை. கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு. மழைக்காலத்தில் அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் துண்டை மூக்கில் அழுத்திக்கொள்வார்கள். இவரோ ஒரு சில்லு உடைத்து வாயில் போட்டு மென்றுவிட்டு, “வாசனையப் பாரு, வாசனையப் பாரு” என்பார். அந்த மனிதரோடு என்ன பேசுவது, சொல்லுங்கள்!

ஆனால் கடைக்கு நல்ல பெயர். சுற்று வட்டாரத்தில் மாடு வைத்திருந்த அத்தனை பேரும் அவரிடம்தான் வருவார்கள். காரணம், அவர் கோணியின் எடையைக் கழிப்பார். மற்ற கடைகளில் மூட்டையை அப்படியே தூக்கித் தராசில் வைத்து, கோணிக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் மட்டும் படிக்கல் வைக்கிற தட்டில் அதே மாதிரி ஒரு வெறுங்கோணியை மடித்து வைப்பார். “மாடு கோணியையா துன்னும்? இன்னாய்யா அநியாயம்” என்று தன்னையே திட்டிக்கொள்வதுபோலச் சொல்லியபடி நிறுப்பார். இரண்டு பேருக்கு நடுவில் தராசு வந்துவிட்டால் மனிதருக்கு அவ்வளவு மரியாதை.

அப்பேர்ப்பட்டவரைப் பிடித்துத்தான் போலீஸ்காரர்கள் கஞ்சா நிறுக்கச் சொன்னார்கள்.

அதற்கு முன்பு கஞ்சாவை யாரும் நிறுத்தது கிடையாது. வண்டிக்காரர்கள் இழுப்பார்கள், கிருத்திகைக்கு வருகிற பரதேசிகள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இழுப்பார்கள். கான்ஸ்டபிள் பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பார், பொட்டலத்தைப் பிடுங்கிக்கொள்வார். பிடுங்கிய பொட்டலம் எங்கே போகும் என்று பிடுங்கியவருக்கும் பறிகொடுத்தவருக்கும் தெரியும். அத்தோடு முடிந்தது. பிறகு டில்லியில் புதுச் சட்டம் போட்டார்கள். அரைக் கிலோவுக்குள் இருந்தால் சொந்த உபயோகம், சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடலாம். அரைக் கிலோவைத் தாண்டினால் வியாபாரம், ஐந்து வருஷம் வரைக்கும் போட்டுவிடலாம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. முதுகில் வைத்த அடி போய், தராசு வந்தது இப்படித்தான்.

ஸ்டேஷன் கிட்டத்தில் தராசு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கறிக்கடைக்காரர், அவர் தட்டில் எப்போதும் ரத்தம். இன்னொருவர் தணிகாசலம். தணிகாசலத்துக்குக் கையெழுத்துப் போடவும் தெரியும், அதனால் சாட்சிக்கும் ஆச்சு. அதைவிட முக்கியம், அவர் கடை நின்ற இடம் ரோட்டுப் புறம்போக்கு. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் கிடையாது.

முதல் தடவை அவர் நிறுத்தது ஒரு பரதேசியின் மூட்டை. வேர்வையும் பீடி நாற்றமும் சேர்ந்த அழுக்குத் துணிக்குள், இலையும் விதையும் தலைமுடியுமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. தட்டில் கொட்டியதுதான் தாமதம், தணிகாசலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓடிப் போய்க் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினார். போலீஸ்காரர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பித்தளைத் தட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார், சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

அடுத்த முறை கூப்பிட்டபோது ஒரு கோணித் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கையோடு கொண்டுபோனார். காய்ந்த கோணியாக இருந்தால் தூள் இறங்கித் தட்டில் ஒட்டும், நனைத்தால் ஒட்டாது, நாற்றமும் கொஞ்சம் அடங்கும். பொருளை அதில் வைக்கச் சொல்லி, தான் தொடாமல், கான்ஸ்டபிளையே முடிச்சுப் போடச் சொல்லி, அந்த மூட்டையைத் தட்டில் வைத்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னார். ஸ்டேஷன் ரைட்டர் துரைக்கண்ணு எழுதிக்கொண்டார். தணிகாசலம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தார். அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் இதே ஏற்பாடு, இதே குளியல்.

தொண்ணூற்றொன்றில் எல்லாம் தலைகீழாயிற்று. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ரோடுகளில் காக்கிச் சட்டை இல்லாத இடமில்லை. சைக்கிளில் போகிறவனை நிறுத்தி ஊர் எது என்று கேட்டார்கள், லாட்ஜில் தங்குகிறவனை எழுப்பி அப்பன் பேர் என்ன என்று கேட்டார்கள். அத்தனை காக்கிக்கும் தினம் ஏதாவது ஒரு வேலை காட்டியாக வேண்டும். வேறு எதுவும் அகப்படாத நாளில் கஞ்சா கேஸ் அகப்பட்டது.

அந்த ஆண்டே புது ஆட்சி வந்து, மலிவு விலைச் சாராயக் கடைகளை மூடினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குடித்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா? மூடிய கடைக்குப் பின்பக்கம் சுப்பன் என்பவன் பொட்டலம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பட்டப்பகலில், வெற்றிலை விற்கிற மாதிரி விற்றான். அவனை மட்டும் எந்தப் போலீஸும் நிறுத்தி ஊர் எது என்று கேட்கவில்லை. அவனிடம் வாங்கிக்கொண்டு போகிறவர்களைத்தான் அடுத்த வளைவில் நிறுத்தினார்கள். அட கருமமே, விற்றவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான், வாங்கினவன் ஜெயிலுக்குப் போவான். அந்தப் பக்கத்தில் இது தெரியாத ஆளே கிடையாது.

இப்படியாக ஆடி மாதம் வந்தது.

சின்னப்பையன் என்று ஒரு மாட்டுவண்டிக்காரர், தணிகாசலத்தின் கடையில் வெகுநாளாகப் புண்ணாக்கு வாங்குகிறவர். ஐம்பது வயது இருக்கும், பேர்தான் சின்னப்பையன். ஏரிக்கரையில் இருந்த முனீஸ்வரனுக்கு அவர்தான் பூசாரி. ஆடியில் முனிக்குப் படையல் போடுவார்கள்: கருவாடு, அவித்த முட்டை, சுருட்டு, சாராயம், ஒரு பிடி கஞ்சா. படையல் முடிந்ததும் சாராயமும் கஞ்சாவும் பூசாரிக்கும் பம்பை அடிக்கிறவர்களுக்கும் பிரசாதம். தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதுதான்.

அந்த ஆண்டு படையலுக்குச் சாராயம் கிடைக்கவில்லை. சின்னப்பையனுக்குக் கிலி பிடித்துவிட்டது. முனி கோபக்காரச் சாமி, இலையில் ஒன்று குறைந்தாலும் ஊரில் மாடு சாகும். கவர்ன்மெண்டு கடையை மூடிவிட்டது என்று முனியிடம் போய்ச் சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்து, சாராயம் இல்லாத குறைக்குக் கஞ்சாவைக் கூடுதலாக வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். ஒரு பிடி வாங்குகிற இடத்தில் சுப்பனிடம் பெரிய பொட்டலமாக வாங்கித் துண்டில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டார். முனி பொருளை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் வைக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் வண்டி வைக்கோலுக்குள் செருகியிருப்பான். இவர் பால்குடம் எடுக்கிறவர் மாதிரி நேராக நடந்து வந்தார். ரோட்டு வளைவில் நின்ற போலீஸ்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்கள்.

மத்தியானம் தணிகாசலத்துக்கு ஆள் வந்தது. தராசைத் தூக்கிக்கொண்டு, கோணித் துண்டை நனைத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனில் சின்னப்பையனைக் கோவணத்தோடு சுவரோரம் குந்த வைத்திருந்தார்கள். ரைட்டர் துரைக்கண்ணு பஜ்ஜி தின்ற எண்ணெய்க் கையைப் பழைய எஃப்.ஐ.ஆர். தாளில் துடைத்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா? சுப்பன். சரக்கை விற்றவனே எல்லோருக்கும் டீ கொண்டுவந்து ஊற்றினான். சின்னப்பையனைப் பார்த்து, “பூசாரி, உனுக்கும் ஒண்ணு ஊத்தட்டுமா?” என்று வேறு கேட்டான். தனக்கு நீட்டிய கிளாஸைத் தணிகாசலம் தொடவே இல்லை.

“வாய்யா தணிகாசலம்” என்றார் ரைட்டர். “முனிக்குச் சரக்கு வந்துகீது. நிறுத்துச் சொல்லு.”

சின்னப்பையன் தலையைத் தூக்கினார். “ண்ணா, சாமி பொருளு. கீழ கால் படாம பாத்துக்கண்ணா” என்றார். தனக்கு என்ன ஆகும் என்பது பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கான்ஸ்டபிள் வழக்கம்போல ஈரக் கோணியில் வைத்து முடிந்தார். தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிறுத்தார். அரைக் கிலோ படிக்கல் போதவில்லை. ஐம்பது கிராம் கல்லையும் போட்ட பிறகுதான் முள் நடுவில் நின்றது.

“அரைக் கிலோவும் மேல அம்பதும்” என்றார்.

ரைட்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்த சேதி வந்ததுபோல. “தாண்டிடுச்சா! போடு கையெழுத்த” என்று பேனாவை நீட்டினார். பேனா முழுக்க பஜ்ஜி எண்ணெய். தணிகாசலம் இரண்டு விரல் நுனியால் அதைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்.

மறுநாள் காலையில் சின்னப்பையனின் மனைவி கிளியம்மாள் கடைக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் வெறுங்கோணி. புருஷன் ஜெயிலுக்குப் போனாலும் மாடு தின்றுதானே ஆக வேண்டும். தணிகாசலம் புண்ணாக்கை அள்ளிக் கோணியில் போட்டுத் தராசில் வைத்தார். எதிர்த் தட்டில் வெறுங்கோணியை மடித்து வைத்தார். கை தானாகச் செய்கிற வேலை அது.

கிளியம்மாள் அந்த மடித்த கோணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாட்டுத் தீனிக்குக் கோணி கழிக்கிற” என்றாள். “என் வூட்டுக்காரருக்குக் கழிச்சியா ண்ணா?”

“இன்னா சொல்ற?”

“ராத்திரி ஸ்டேஷன்ல பாத்தப்ப, ஈரக் கோணில கட்டி நிறுத்தீங்கன்னு அது சொல்லிச்சு. அப்பயும் அந்தத் தட்டுல இந்த மாதிரி வெறுங்கோணி வச்சியா?”

தணிகாசலம் வைக்கவில்லை. எந்த நாளும் வைத்ததில்லை. கிளியம்மாள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அவள் போனதும் அதே அளவில் ஒரு கோணித் துண்டைக் கிழித்து, நனைத்து, எப்போதும் பிழிகிற மாதிரி பிழிந்து, தட்டில் போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்டக் கால் கிலோ! சின்னப்பையனின் பொட்டலத்தில் அப்படியானால் முந்நூறு இருந்தால் அதிகம். மீதியெல்லாம் இவர் கொண்டுபோன கோணியும் தண்ணீரும். பிடித்தது போலீஸ், விற்றது சுப்பன். ஆனால் அந்த மனிதரை அரைக் கிலோவுக்கு அந்தப் பக்கம் தள்ளியது தன்னுடைய குமட்டல் என்று நினைத்தபோது, தணிகாசலம் முதல் தடவையாகப் புண்ணாக்கு வாசனையிலேயே கடை வாசலில் வாந்தி எடுத்தார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நேத்து நிறுத்ததுல கோணி எடையும் கீது. கழிச்சா அரைக் கிலோவே வராது.”

ரைட்டர் பல் குத்திக்கொண்டே கேட்டார். “அதனால?”

“மறுபடி நிறுத்துடலாங்க. நானே தட்டுல வச்சி நிறுக்கறேன். கோணி வேணாம்.”

“இன்னாய்யா இது, உன் கடைன்னு நெனச்சியா, கொறஞ்சா மாத்திக் குடுக்கறதுக்கு? எழுதியாச்சு, கையெழுத்துப் போட்ட, கோர்ட்டுக்குப் போயாச்சு.” பல் குத்திய குச்சியை மேசை மேலேயே போட்டார். “உன் கடை எந்த எடத்துல கீதுன்னு ஞாபகம் வச்சிக்கினு பேசு.”

குச்சியின் நுனியில் பஜ்ஜி மாவு ஒட்டியிருந்தது. தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார். “நான் கோணியோட நிறுக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்தான?”

“நீ புண்ணாக்கு நிறுக்கறவன். உனுக்கே தெரியாதா?” என்று சிரித்தார் துரைக்கண்ணு.

வீட்டில் பாப்பம்மாளிடம் சொன்னார். கோர்ட்டில் கூப்பிடுவார்கள், அங்கே உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்லு. நல்லா சொல்லு. மறுநா வந்து கடையப் பிடுங்கிப் போட்டுட்டுப் போவானுங்க. அப்பறம் நீயும் நானும் முனியாட்டம் ஏரிக்கரைல குந்திக்கினு இருக்கலாம்.”

“அஞ்சு வருஷம்டி. அந்த ஆளு உள்ளயே பூடுவான்.”

“நீயா பிடிச்சிக் குடுத்த?”

“நான் நிறுத்தேன்.”

அவள் நாள் முழுக்கப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

அதன்பிறகு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தபோதெல்லாம், தராசைச் சர்க்கார் முத்திரை குத்தக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். முத்திரை குத்தப் போன தராசு கடையில் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்ததை வந்தவர்கள் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். கறிக்கடைத் தராசுக்கு மறுபடி வேலை வந்தது. சுப்பன் மட்டும் போகிற வருகிற போதெல்லாம் கடை முன்னால் நின்று, “மொதலாளி, தராசு வந்துடுச்சா?” என்று பல்லைக் காட்டினான். அவன் நின்ற இடத்தில் தணிகாசலம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். வேறு என்ன செய்வது!

மார்கழியில் செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கு எடுத்தார்கள். கிளியம்மாள் வண்டி மாட்டில் ஒன்றை விற்று வக்கீல் வைத்திருந்தாள். ஐந்து மாதத்தில் சின்னப்பையன் பாதியாகிவிட்டிருந்தார். சொந்த உபயோகத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று சொல்லு, முனி கதையெல்லாம் எடுக்காதே என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஜட்ஜ் கேட்டதும் சின்னப்பையன், “மொதல்ல சாமி குடிக்கும், மிச்சத்த நான் குடிப்பேனுங்க ஐயா” என்றார். கோர்ட்டே சிரித்தது. வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

தணிகாசலத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தக் கூண்டின் மரக்கட்டை, எத்தனையோ பேர் கை பட்டுப் பட்டுக் கறுத்து எண்ணெய் ஏறிக் கிடந்தது. தணிகாசலம் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அரசாங்க வக்கீல் சீல் வைத்த பொட்டலத்தைக் காட்டினார். இப்போது அது அரைக் கிலோவுக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. “காய்ந்துவிட்டது. பறிமுதல் செய்த அன்று ஐந்நூற்றைம்பது கிராம். நிறுத்தவர் நீங்கள்தானே?” என்றார்.

“நான்தாங்க. ஆனா காயலிங்க. அது அன்னிக்கும் இவ்ளோதான் இருந்திருக்கும். மிச்சம் என் கோணி.”

அரசாங்க வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரைட்டர் துரைக்கண்ணு நிமிர்ந்தார்.

“என்ன கோணி?” என்று ஜட்ஜ் கேட்டார்.

தணிகாசலம் சொன்னார். நனைத்தது, பிழிந்தது, முடிச்சுப் போட்டது எல்லாவற்றையும் சொன்னார். கடைக்குப் போய் அதே அளவுத் துண்டை நிறுத்துப் பார்த்ததையும் மறுநாளே ஸ்டேஷனில் போய்ச் சொன்னதையும் சொன்னார்.

“எதற்காகக் கோணியில் கட்டினீர்கள்?”

“கொமட்டும் ஐயா. என் தட்டுல பட்டா எனுக்குச் சோறு எறங்காது.”

மறுபடி சிரிப்பு. ஜட்ஜ் சிரிக்கவில்லை. “புண்ணாக்கு வியாபாரி என்கிறீர்கள். கடையில் சாக்கு எடையைக் கழிக்கத் தெரிகிறது. இங்கே ஏன் கழிக்கவில்லை?”

தணிகாசலம் இந்தக் கேள்வியை ஐந்து மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

“கடைன்னா எதிர்ல வாங்கறவன் நிப்பான் ஐயா. அவன் ஏமாறக் கூடாதுன்னு கழிப்பேன். ஸ்டேஷன்ல வாங்கறவன் ஒருத்தனும் இல்ல. யாருக்குக் கழிக்கறதுன்னு எனுக்குத் தோணவே இல்ல. ஒருத்தன் கோவணத்தோட குந்திக்கினு இருந்தான். அவன நான் ஆளாவே பாக்கலிங்க.”

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு. சிறு அளவு, சொந்த உபயோகம், இதுவரை உள்ளே இருந்த காலமே தண்டனை, விட்டுவிடுங்கள் என்றார் ஜட்ஜ். கிளியம்மாள் கோர்ட் வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டாள். தணிகாசலம் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ரைட்டர் துரைக்கண்ணு அவரைத் தாண்டிப் போகையில் நிற்காமலேயே, “நாளைக்குக் காலைல ஜே.சி.பி. வருது. சாமான எடுத்து வச்சிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும் கழுதை என்று தணிகாசலம் வாய்விட்டே சொன்னார். மனசில் ஐந்து மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த நாற்றம் இறங்கினாற்போல இருந்தது. பாப்பம்மாளிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் கவலை.

கிளியம்மாள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூட இன்னொரு பெண். முப்பது வயதுகூட இருக்காது, இடுப்பில் ஒரு குழந்தை.

“ண்ணா, இது ராஜம்மா. ஜெயில்ல மனுப் போட்டுப் பாக்கப் போறப்ப கியூவுல பழக்கம். நீ கோர்ட்டுல உண்மையச் சொன்னத சொன்னேன். உன்னப் பாக்கணும்னு வந்துகீது.”

தணிகாசலம் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். யாரோ தன்னைப் பார்க்க வேண்டுமென்று வருவது அவருக்குப் புதுசு.

ராஜம்மா சிரிக்கவில்லை. “என் வூட்டுக்காரு மாரி. லாரில கிளீனரு” என்றாள். “அரைக் கிலோவும் சொச்சமும்னு எழுதி உள்ள போட்டுட்டாங்க. போயி ரெண்டு வருஷம் ஆவப் போவுது. அந்தக் கேஸ்ல நிறுத்தது நீதான்னு வக்கீலு சொன்னாரு.”

தணிகாசலத்துக்கு அந்த ஆளின் முகம் நினைவுக்கு வரவில்லை. வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டல்லவா நிறுத்தார்.

“அதுலயும் கோணி இருந்துச்சா?” என்று கேட்டாள் ராஜம்மா.

கிளியம்மாள் சட்டென்று தணிகாசலத்தைப் பார்த்தாள். இது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

“இருந்துச்சும்மா” என்றார் தணிகாசலம்.

ராஜம்மா, அவர் நின்ற பக்கம் தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காலைத் தன் பக்கம் இழுத்து, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“இன்னும் எத்தினி பேருய்யா?” என்றாள்.

தணிகாசலம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.